வெண்டைக்கு வந்த அம்மை

வீடு பார்க்கப் போன அன்றே வீட்டுக்காரர் எங்களுக்குக் கை நிறைய வெண்டைக்காய் பறித்துக் கொடுத்தார். என்னுடன் வந்தவள் அதை வாங்கி என் பையில் போட்டுவிட்டு, பாத்தியின் ஓரத்தில் மஞ்சளாக நின்ற செடிகளைக் காட்டி, "அதுல ஒண்ணு வேணும், வேரோட" என்றாள்.

வீட்டுக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அது நோவு புட்ச்சதும்மா. புடுங்கிப் போடச் சொல்லிகீறேன்."

"புடுங்கிடாதீங்க. அதுக்காகத்தான் இந்த வீட்டுக்கே வர்றோம்."

எனக்கு அது செய்தி. வாடகை கட்டுப்படியாகிறது, தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பஸ் இருக்கிறது என்பதற்காக வருகிறோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. சேலையூரைத் தாண்டி ஏரிப்பக்கம் போகும் சாலையில் அந்த வீடு. நான் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். அவள் அந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் விரிவுரையாளர். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் அறைத்தோழிகளாக இருந்த நாங்கள், விடுதிச் சாப்பாடு அலுத்துப்போய் மாடிப் போர்ஷன் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நிலத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே மனைகளாகி, அவற்றில் ஆபீஸ் போகிறவர்களின் காலனி எழுந்திருந்தது. வீட்டின் பின்னால் ஒரு கிணறும் மோட்டாரும் ஒரு துண்டு வெண்டைத் தோட்டமும் மிச்சமிருந்தன. அவரை நாங்கள் சார் என்போம். அவர் மனைவியை அக்கா என்போம். அவர்களுக்கு அவள் டீச்சர், நான் பேப்பர்காரம்மா.

வெண்டைக்கு வரும் அந்த நோயில் இலையின் பச்சை அப்படியே இருக்க, நரம்புகள் மட்டும் மஞ்சளாகி வலை விரித்ததுபோல் ஓடும். போகப்போக இலை முழுதும் வெளுக்கும். காய் சிறுத்து நார் ஏறும். விவரம் தெரியாத கண்ணுக்கு அது அழகு. எதிர்வீட்டு மாமி அதைப் புது ரகக் குரோட்டன்ஸ் என்று நினைத்து, தொட்டியில் வைக்க ஒரு கிளை கேட்டிருக்கிறார்.

இது வைரஸ் நோய், வெள்ளை ஈ பரப்புவது என்று பாடப்புத்தகத்திலேயே இருந்தது. அவள் கேள்வி அதற்கு அடுத்தது. இந்தத் தோட்டத்தில் நிற்கிற நோய் அதுதானா, அதுதான் என்று எப்படிச் சொல்வது, அது வைரஸ்களில் எந்த வகை?

அந்தச் சமயத்தில் எங்கள் ஞாயிறு மலருக்கு வைரஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது என்ன கவலை என்று, அரிசி களைந்துகொண்டிருந்தவளிடம் கேட்டேன்: வைரஸ் உயிருள்ளதா, இல்லையா? ஒரே வரியில் வேண்டும்.

"அத ஒரே வரியில சொல்றவங்கள நம்பாதே" என்றாள். "அது எது இல்லாம வாழாதுன்னு கேளு. அதுக்குப் பதில் இருக்கு."

அந்தப் பதிலை நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். பாக்டீரியாவுக்குச் சத்துள்ள கரைசல் கொடுத்தால் போதும், தானே பெருகும். வைரஸை எந்தக் கரைசலில் போட்டாலும் சும்மா கிடக்கும். அதற்கு வாயில்லை, மூச்சில்லை, வளர்ச்சியும் இல்லை. உள்ளே ஓர் இழை. தன்னைப்போல் இன்னொன்றைச் செய்வதற்கான கட்டளை அந்த இழையில் இருக்கிறது. இழையைச் சுற்றி ஒரு புரத உறை. வெளியே இருக்கும்வரை தூசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. உயிருள்ள செல்லுக்குள் போனால் செல்லின் எந்திரங்களே அந்தக் கட்டளையைப் படித்து, இழையைத் தனியாகவும் உறையைத் தனியாகவும் செய்து, கோத்துக் கொடுத்துவிடும். மற்ற உயிர்களைப்போல் வளர்ந்து இரண்டாகப் பிரிவதில்லை. வைரஸ் பாகம் பாகமாகப் பூட்டப்படுகிறது. பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியில் தங்காதது என்பதுதான் ஒரு காலத்தில் வைரஸுக்குச் சொன்ன இலக்கணம். அதை அவள் மதிக்கவில்லை. அது எதில் நிற்காது என்று சொல்கிறதே தவிர என்னவென்று சொல்லவில்லையாம்.

எனக்கு எங்கள் அச்சுக்கூடம் நினைவுக்கு வந்தது. யாரோ கொண்டுவந்து போட்ட ஒரு துண்டுத்தாளைப் படித்த எந்திரம், மற்ற பக்கங்களையெல்லாம் நிறுத்திவிட்டு அந்தத் தாளையே விடிய விடிய அடித்துத் தள்ளினால் எப்படி இருக்கும்? அதைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போட்டுக்கோ. ஆனா எந்திரத்துக்குள்ள அது எப்படி வந்ததுன்னும் எழுது. என் மூணு வருஷம் அதுலதான் போகுது" என்றாள்.

வகைப்படுத்துவது பற்றிப் பேசியபோது நாங்கள் இருவரும் ஒரே தொழிலில் இருப்பதுபோல் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு செய்தி வந்தால் முதல் கேள்வி, எந்தப் பக்கம்? வைரஸ் ஆய்வாளர்களும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். முதலில் நோயை வைத்தும், நோய் வருவது செடிக்கா மாட்டுக்கா மனிதனுக்கா என்று பார்த்தும் பிரித்தார்கள். அது ஊரை வைத்து ஆளை அறிவதுபோல. பிறகு வடிவம்: நீண்ட கோல் வடிவமா, உருண்டையா? பிறகு இழை: டி.என்.ஏ.வா ஆர்.என்.ஏ.வா, ஒற்றையா இரட்டையா? எந்தப் பக்கத்திலும் அடங்காதவையும் இருந்தன. உருளைக்கிழங்கைக் கெடுக்கும் ஒன்றுக்கு உறையே கிடையாது, வெறும் இழை. இன்னொன்றுக்கு உறை உண்டு, ஆனால் வேறொரு வைரஸ் ஏற்கெனவே குடியிருக்கும் செல்லில்தான் பெருகும். ஆட்டின் மூளையைத் தாக்கும் ஒரு நோயில் இழையையே யாராலும் காண முடியவில்லை. அதை வைரஸ் என்று சொல்லலாமா என்றே சண்டை நடந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் ஊர்வம்பு பேசுகிற ருசியோடு அவள் இவற்றைச் சொல்வாள்.

அவளுடையதும் அபூர்வமான இனம்தான். செடிகளைத் தாக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவை ஆர்.என்.ஏ. இழை கொண்டவை. இவள் தேடிய இனத்துக்கோ டி.என்.ஏ., அதுவும் ஒற்றை இழை, வளையமாக மூடியது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருண்டைகள் இரண்டிரண்டாக ஒட்டியிருக்குமாம். இப்படி இரட்டையாக இருப்பவற்றுக்கென்று தனிக்குழு அமைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த மைக்ராஸ்கோப் வேறு ஊரில் இருந்தது. அதற்கு முன் மாடியில் முடிக்க வேண்டிய வேலை இருந்தது.

மொட்டை மாடியில் மரச்சட்டத்தில் நைலான் வலை அடித்த இரண்டு கூண்டுகள். இந்த நோய் சாற்றைப் பிழிந்து தேய்த்தால் தொற்றாது. ஒட்டுக்கட்ட வேண்டும், அல்லது வெள்ளை ஈ கொண்டுபோக வேண்டும். வெள்ளை ஈ என்பது குருணையிலும் சிறிய பூச்சி. அதைக் கையால் பிடிக்க முடியாது. கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை இலைக்கு அடியில் காட்டி, மறுமுனையில் பொருத்திய ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். முதல்நாள் அதைப் பார்த்த அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா டீச்சர், பூச்சிய வாயால இஸ்க்கிறியே. உள்ள பூட்டா?"

"நடுவுல துணி கட்டியிருக்குக்கா. போகாது."

நோய்ச்செடியில் சாறு குடித்த ஈக்களை ஒரு கூண்டில் இளஞ்செடிகள்மேல் விட்டாள். நல்ல செடியில் சாறு குடித்த ஈக்களை இன்னொரு கூண்டில் விட்டாள். மண், விதை, தண்ணீர், நிழல் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. "ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்கணும்" என்பாள். "ரெண்டு வித்தியாசம் வந்துட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு அர்த்தம்." கூண்டுக்குள் வெளிப்பூச்சி நுழையாமல் சில வாரம் காக்க வேண்டும். அது தவறினால் ஆய்வேட்டின் நடு அத்தியாயமே இல்லை.

மாடி எல்லோரும் துணி காயப்போடும் இடம். காற்றில் பறந்த புடவை ஒன்று கூண்டின்மேல் விழுந்த அன்று, அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டாள்: "வைரஸ். தொடாதீர்கள்."

அவள் செய்த ஒரே அவசரக் காரியம் அதுதான். அடுத்த வாரம் காலனிக்கு மெட்ராஸ் ஐ வந்தது.

அந்தக் காலத்தில் மெட்ராஸ் ஐ வந்தால் மின்சார ரயிலே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓடுவதுபோல் இருக்கும். கண்ணோடு கண் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் நம்பினார்கள். தாம்பரம் ஸ்டேஷனில் தெரிந்தவர்களே தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கண் சிவந்தது. அப்போது யாருக்கோ மாடி அட்டை நினைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலனி நலச்சங்கச் செயலாளர் நாலு பேருடன் வந்தார். மத்திய அரசு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். ஆங்கில நாளிதழை முழுதும் படிப்பவர். வந்தவர்கள் எல்லோருமே கறுப்புக் கண்ணாடி. வீட்டுக்காரரும் கறுப்புக் கண்ணாடி அணிந்து, தோளில் துண்டுடன் வாசல் நாற்காலியில் இருந்தார். யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று சொல்ல முடியாத கூட்டம் அது.

"மேடம், உங்க ரிசர்ச்சுக்கு நாங்க எதிரி இல்ல" என்று செயலாளர் ஆரம்பித்தார். "ஒரே ஒரு கொஸ்டின். மெட்ராஸ் ஐ வைரஸ்தானே?"

"ஆமா சார். வைரஸ்தான்."

"மாடில இருக்கறதும்?"

"வைரஸ்னுதான் நினைக்கிறேன். இன்னும் நிரூபிக்கல."

"நிரூபிக்காததையா எங்க தலைக்கு மேல வெச்சிருக்கீங்க?"

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை. "தாம்பரத்துல நிக்கறது எல்லாமே பஸ்தான் சார். எல்லாம் உங்க தெருவுக்கு வராது. இது வெண்டைக்குப் போற வண்டி. மனுஷன்கிட்ட இதுக்கு ஸ்டாப்பிங் கிடையாது."

"டிரைவர் ரூட்ட மாத்திட்டா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, சிரிப்பு எழுந்தது. கூட்டம் கொஞ்சம் இளகியது.

வீட்டுக்காரர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். "நான் பொறந்ததுலேர்ந்து இந்த மஞ்ச வெண்டிக்காயத்தான் துன்னுகினு கீறேன். எனக்கு இன்னா ஆய்ப்புச்சு?"

"முதல்ல கண்ணாடியக் கழட்டுங்க, சொல்றேன்" என்றார் செயலாளர்.

இந்தச் சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "சார் சொல்றது எனக்குச் சாதகம்தான். ஆனா அது ஆதாரம் இல்ல. சாப்பிடாதவங்களோட ஒப்பிட்டுப் பாத்தாதான் சொல்ல முடியும்."

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். கண்கள் நன்றாகவே சிவந்திருந்தன. "இன்னா டீச்சர், ஒனக்கோசரம் பேசிகினு கீறேன், நீயே கவுக்கிறியே."

கூண்டுகளை எடுத்துவிடுவது என்ற பேச்சு வந்தது. எடுத்தால் வைக்க இடமில்லை. கல்லூரித் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பார்கள். வீட்டுக்காரர் சற்று நேரம் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்துவந்து, மொட்டை மாடிக்குப் போகும் படியின் கதவில் கட்டினார்.

"அம்மை வூட்டுக்கு இன்னா பண்ணுவோமோ, அத்த பண்ணியாச்சு. இத்த அவுக்கற வரிக்கும் டீச்சரத் தவிர எவனும் மேல ஏறக் கூடாது. துணி கீழ காயட்டும்."

செயலாளர் வேப்பிலையைப் பார்த்தார். உடன் வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அரைமணி நேர விளக்கத்தால் தணியாத பயம் ஒரு கொத்து இலையில் தணிந்தது. தெருவே அதை மதித்தது. குழந்தைகள்கூடப் படியை எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்கும் சந்தோஷம். அட்டையைவிட இது நல்ல காவல் என்றாள். வேப்பிலை பூச்சிக்கு ஆகாதது என்பதால், கூண்டுப் பக்கம் மட்டும் கட்டாதீர்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்தாள்.

அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மை கண்ட வீட்டில் கதவில் இலையைக் கட்டிவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்ததுதான். அப்போது தோன்றவில்லை. நாங்கள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், அக்கா தலைக்குக் குளித்துவிட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கரைத்த நீரைச் செம்பில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். நோய்க் கூண்டைத் திறந்து, ஒவ்வொரு செடிக்கும் தலையில் ஊற்றினார். நல்ல செடிக் கூண்டை அவர் தொடவில்லை. அதற்கு எதற்கு?

மாலையில் நாங்கள் பார்த்தபோது இலைகளில் மஞ்சள் திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்தது. நரம்பில் மஞ்சள் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டிய இலைகள் அவை. கூண்டுக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது.

"சுருங்கிப் போய் நின்னுச்சு. மனசு கேக்கல" என்றார் அக்கா, பின்னால் வந்து நின்று.

"நல்லதுக்குத்தானேக்கா பண்ணீங்க" என்றாள் அவள்.

அக்கா இறங்கிப் போனபின் நான் இலைகளைக் கழுவிப் பார்க்கலாம் என்றேன். மஞ்சளுக்கு அடியில் நரம்பு வெளுக்கத் தொடங்கியிருந்தது எனக்கே தெரிந்தது. வேண்டிய முடிவு கிடைத்துக்கொண்டிருந்தது.

"இப்ப ரெண்டு வித்தியாசம் இருக்கு" என்றாள். "நோய் ஈயும் இந்தப் பக்கம்தான். மஞ்சத்தண்ணியும் இந்தப் பக்கம்தான். கதவு வேற திறந்திருந்துச்சு." சொல்லிக்கொண்டே செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிறகு கெடாத கூண்டின் செடிகளையும் பிடுங்கினாள். ஜோடி போனபின் அதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுபடி தொடங்க அவளுக்கு நோய்ச்செடி வேண்டும். அந்த ஆய்வு முழுதும் வீட்டுக்குப் பின்னாலிருந்த அந்தத் துண்டுத் தோட்டத்து நோயை வைத்தே நடந்தது. இடத்தை மாற்றினால் முதல் அத்தியாயத்திலிருந்து திரும்ப எழுத வேண்டும். பல்கலைக்கழகம் கொடுத்த காலம் அதற்குப் போதாது. தோட்டத்தையோ விற்கப் பேசி, அதற்குள் மனைக்கல் நட்டாகிவிட்டது. ஆவணியில் பத்திரப் பதிவு. அதற்குள் நிலத்தைச் சுத்தமாக்கிக் கொடுப்பதாகப் பேச்சு.

அவள் வீட்டுக்காரரிடம் போய் ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் சொன்னாள். அவர் உள்ளே திரும்பி அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அக்கா முறத்தைக் கையிலெடுத்துக்கொண்டு வேலையில் மூழ்கினார். மறுநாள் ஆட்கள் வந்து தோட்டத்தைப் பிடுங்கினார்கள். எந்த விவசாயியும் நோய்ச்செடியைத்தான் முதலில் பிடுங்குவான். அவர் நல்ல செடிகளையெல்லாம் பிடுங்கச் சொல்லி, மஞ்சள் விழுந்த ஒரு வரிசையை மட்டும் நிற்கவிட்டார். மனை பார்க்க வந்தவர்கள் வெட்டவெளியில் நின்ற அந்த மஞ்சள் வரிசையைக் காட்டி, இது என்ன என்று புரோக்கரிடம் கேட்பதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். "அது டீச்சரோடது" என்பார் வீட்டுக்காரர். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

இரண்டாம் முறை மாடிப்படிக்கு அக்காவே காவல். காய்கறி நறுக்குவதும் அரிசி புடைப்பதும் முதல் படியில்தான். கடைசியில் ஒரு கூண்டில் இலைதோறும் மஞ்சள் வலை விரிந்தது. அடுத்த கூண்டு பச்சையாகவே நின்றது. அவள் மஞ்சளைவிடப் பச்சையைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓர் இலையையும் விடாமல் திருப்பித் திருப்பி. பிறகு கீழே வந்து, வேப்பிலையை அவிழ்த்துவிடலாம் என்று சொன்னாள். அது எப்போதோ சருகாகியிருந்தது.

வெளியூரிலிருந்து மைக்ராஸ்கோப் படமும் வந்தது. சாம்பல் நிறப் பின்னணியில் இரண்டிரண்டாக ஒட்டிய சிறு உருண்டைகள். வீட்டுக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ரெட்டப் புள்ளையா? இத்தினி வருசமா எங்கப்பன் காலத்துலேர்ந்து மல்லு கட்னது இதோடவா?" என்றார். மரியாதையோடுதான் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு யாரும் வரலாம் என்றதும் வீட்டுக்காரரும் அக்காவும் கிளம்பிவிட்டார்கள். அக்கா பட்டுப்புடவையில் வந்து கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேள்விகள் ஆங்கிலத்தில். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரு கேள்வியை அவளுக்கு வசதியாகவே கேட்டார்: இந்த இரட்டைதான், இது ஒன்றேதான் நோய்க்குக் காரணம் என்று வைத்துக்கொள்ளலாமா? ஆமாம் என்றால் முடிந்தது. அவள், அதை நான் காட்டவில்லை என்றாள். நோய்ச்செடியில் இரட்டை இருக்கிறது, ஈ நோயைக் கொண்டுபோகிறது, இவ்வளவுதான் காட்டியிருக்கிறேன். இதனுடன் வேறு ஏதாவது சேர்ந்து வருகிறதா என்று எனக்குத் தெரியாது என்று முடித்தாள். பல ஆண்டுகள் கழித்து வேறு ஆய்வாளர்கள், வெண்டை மஞ்சளாவதற்கு அந்த வைரஸோடு தானாகப் பெருகத் தெரியாத குட்டித் துணை இழை ஒன்றும் வேண்டும் என்று கண்டார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அந்த அறையும் அவள் நின்ற நிதானமும் நினைவுக்கு வந்தன.

தேர்வாளர் அடுத்து ஆய்வேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். முதல் சோதனை கைவிடப்பட்டது, காரணம் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த நீர் என்று எழுதியிருந்தது. இது என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். தவறு தன்னுடையது என்றும் சொன்னாள்: எதைத் தொடக் கூடாது என்று சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. தேர்வாளர் சிரித்தார், அவர் வீட்டிலும் அம்மைக்கு அதே நீர்தானாம்.

'நீம்' என்ற சொல் காதில் விழுந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். "என்னியத்தான டீச்சர் சொல்லுது?"

ஆமாம் என்றேன்.

எல்லோரும் கைகுலுக்கி முடித்து வெளியே வந்தபின் அக்கா அவளிடம் கேட்டார். "அப்போ என் மஞ்சத்தண்ணியும் புக்குல கீதா?"

"இருக்குக்கா."

"கொணமாச்சா இல்லியான்னு போட்டியா?"

"தெரியாதேக்கா. பிடுங்கிட்டேனே."

அக்கா தலையை ஆட்டினார். "அவசரப்பட்டுட்ட டீச்சர். இன்னும் ரெண்டு தபா ஊத்தியிருந்தா எறங்கியிருக்கும்."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, கேள்வியை நிஜமாகவே எடுத்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தாள்.

"இருக்கலாம்க்கா" என்றாள். "நான் ஒப்பிட்டுப் பாக்கல."